வெள்ளியங்கிரி ஏழு மலை: முதல்முறை ஏறுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவைக்கு மேற்கே, பூண்டி அடிவாரக் கோயிலில் இருந்து ஏழாவது மலை உச்சி வரை ஒரு வழிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பி வருகிறவர்கள்தான் பெரும்பாலும் முதல் மலையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். உச்சி கடல்மட்டத்தில் இருந்து சுமார் 6,000 அடி. அந்த 6 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வேண்டும். ஓரளவு பழக்கம் உள்ளவருக்கு ஏற 5 முதல் 6 மணி நேரம், இறங்க 4 முதல் 5 மணி நேரம் ஆகும்.

சீசன்தோறும் புதியவர்களுடன் ஏறிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது: தடுமாறுகிறவர்கள் பலருக்கும் தெம்புக்குக் குறைவில்லை. அதை முதல் மூன்று மலைகளிலேயே செலவழித்துவிடுகிறார்கள். இந்த மலையில் உங்கள் பலத்தில் பாதியை இறக்கத்துக்கு என்று ஒதுக்கி வைத்தாக வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் கணக்கை வைத்தே எழுதியது.

1. எந்த வாரம் போவது

வனத்துறை பொதுவாகப் பிப்ரவரி தொடங்கி மே கடைசி வரை ஏற அனுமதிக்கிறது. மற்ற மாதங்களில் பாதை மூடியிருக்கும். தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் மலைத்தொடர் இது. மழைக் காலத்தில் படிகள் பாசி பிடித்து வழுக்கும். திறக்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்த பிறகு லீவு போடுங்கள்.

நான் சொல்வது மாசிக் கடைசியில் இருந்து பங்குனி நடு வரை. அதற்கு முன்னால் மேலே இரவுக் குளிர் கடுமை. சித்திரை பிறந்துவிட்டால் மதியத்துக்கு மேல் கோடை மழை இடியோடு வரும். நான்காவது மலைக்கு மேல் ஒதுங்க ஒரு மரம் கூட இல்லாத புல்வெளிகள்தான் அதிகம். மின்னல் நேரத்தில் அங்கே நிற்கக் கூடாது.

மகா சிவராத்திரி, தமிழ்ப் புத்தாண்டு, சித்ரா பௌர்ணமி ஆகிய நாட்களில் முதல்முறை போகாதீர்கள். சனிக்கிழமை இரவும் வேண்டாம். கூட்டத்தில் உங்கள் வேகம் உங்கள் கையில் இருக்காது. முன்னால் இருப்பவர் நின்றால் நிற்க வேண்டும், பின்னால் இருப்பவர் அவசரப்படுத்தினால் நடக்க வேண்டும். மூச்சு கெடுவது அங்கேதான். செவ்வாய், புதன் கிடைத்தால் நல்லது.

2. யார் ஏறலாம், யார் தள்ளிப்போட வேண்டும்

இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம் அல்லது சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் வரவே கூடாது. மலையேறும்போது மூச்சுத்திணறியோ மாரடைப்பிலோ இறந்தவர்கள் பற்றிய செய்தி சீசனில் திரும்பத் திரும்ப வருகிறது. அதில் இளம் வயதுக்காரர்களும் உண்டு. மேலே சாலை கிடையாது. ஆம்புலன்ஸ் அடிவாரத்தோடு சரி. மூன்றாவது மலையில் ஒருவர் விழுந்தால் ஆட்கள் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

நாற்பதைத் தாண்டியவர்கள், உடம்பில் எந்தக் குறையும் தெரியாவிட்டாலும், ஒரு ஈசிஜியும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு வாருங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் கூட ஆகாதவர்கள் அடுத்த முறைக்குத் தள்ளிப்போடுங்கள்.

10 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் உள்ள பெண்களை வழக்கத்தைக் காரணம் காட்டி மேலே விடுவதில்லை. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் இப்போதைக்கு இதுதான் நடைமுறை. வெளியூரில் இருந்து குடும்பத்தோடு வந்து, வாசலில் வைத்துத் தெரிந்துகொண்டு, பாதிப்பேர் கீழே காத்திருக்கும் நிலை வர வேண்டாம். வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள்.

3. ஒரு மாதம் முன்பே காலைப் பழக்குவது

சமதளத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன், அது போதும் என்று நினைக்க வேண்டாம். இங்கே தேவைப்படுவது படி ஏறும் கால். கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு மருதமலைப் படிகள் இருக்கின்றன. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்தில் உள்ள குன்றுக் கோயிலையோ அடுக்குமாடிப் படிக்கட்டையோ பயன்படுத்தலாம். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு 40 நிமிடம். கடைசி இரண்டு வாரம் மலைக்குக் கொண்டுபோகும் அதே பையை, அதே எடையோடு முதுகில் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

பலர் மேலே ஏறிப் பழகிவிட்டு லிஃப்டில் இறங்கிவிடுகிறார்கள். இறங்குவதையும் பழக வேண்டும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. பழக்கமில்லாத தசை அந்த வேலையை ஒரு மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் நடுங்க ஆரம்பிக்கும். வெள்ளியங்கிரியில் நான்கு மணி நேரம் இறங்க வேண்டும்.

ஷூவையும் இந்த மாதத்திலேயே பழக்குங்கள். புது ஷூவை மலையில் முதல் தடவை போட்டால் கொப்புளம் நிச்சயம். அடியில் நல்ல பிடிப்பு உள்ளதாகவும், கால்விரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் விட்டதாகவும் இருக்க வேண்டும். வேண்டுதலுக்காக வெறுங்காலில் ஏறுகிறவர்கள் உண்டு. அப்படி ஏறுவதென்றால் வெறுங்காலில் நடந்து பழகியிருக்க வேண்டும். ரப்பர் செருப்பில் மட்டும் வராதீர்கள். இறக்கத்தில் கால் முன்னால் வழுக்கி வார் அறுந்துவிடும்.

4. பையில் என்ன

மொத்த எடை 5 கிலோவைத் தாண்டக் கூடாது. நான்காவது மலையில் ஒவ்வொரு கிலோவும் இரண்டாகத் தெரியும்.

தண்ணீர் 2 லிட்டர், ஸ்டீல் பாட்டிலில். வழியில் வரும் பாம்பாட்டிச் சுனையிலும் கைதட்டிச் சுனையிலும் நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் பங்குனிக்கு மேல் சுனைகளில் நீர்வரத்து குறைந்துவிடும். அதனால் முழுக்கச் சுனையை நம்பிப் போக வேண்டாம். இரண்டு மூன்று ஓஆர்எஸ் பொட்டலம் கட்டாயம். வியர்வையில் உப்பு போய்விடுகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ஐந்தாவது மலைக்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம் அல்லது எலுமிச்சை சாதம், வாழை இலையில் கட்டி. நடக்கும்போது மெல்லக் கடலை மிட்டாயும் பேரீச்சையும். சிப்ஸ், பிஸ்கட் போன்ற பாக்கெட்டுகளை வீட்டிலேயே பிரித்துத் துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

உலர்ந்த பனியன் ஒன்று, காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் அல்லது மழைக்கோட்டு, மங்கி குல்லா. சமவெளியில் 36 டிகிரி வெயில் அடிக்கும்போது குல்லா எதற்கு என்று எடுத்துப் போடாமல் வருகிறவர்கள், விடியற்காலையில் புல்வெளியில் காற்று அடிக்கும்போது துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நடுங்குவார்கள். ஏற்றத்தில் நனைந்த பருத்திச் சட்டையும் மேலே வீசும் காற்றும் சேர்ந்தால் உடம்பு வெகு சீக்கிரம் சூட்டை இழந்துவிடும்.

நெற்றியில் கட்டும் டார்ச் எடுங்கள். செல்போன் வெளிச்சத்தில் ஏறினால் ஒரு கை அதற்கே போய்விடும். இந்த மலையில் இரண்டு கையும் வேண்டும். நகவெட்டியை வீட்டில் பயன்படுத்திவிட்டு வாருங்கள். இறக்கத்தில் பெருவிரல் நகம் ஷூவின் முன்பக்கம் இடித்து இடித்துக் கறுத்துப்போகும். ஒட்ட வெட்டியிருந்தால் தப்பிக்கும்.

5. முந்தைய நாள்: பூண்டிக்கு வந்து தூங்குங்கள்

கோவை காந்திபுரத்தில் இருந்து பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், செம்மேடு வழியாகப் பூண்டிக்குப் பேருந்து உண்டு. பகலிலேயே வந்துசேருங்கள். இது யானைகள் நடமாடும் போளுவாம்பட்டி வனச்சரகம். இருட்டிய பிறகு கடைசிச் சில கிலோமீட்டரை பைக்கில் கடப்பது ஆபத்து. அடிவாரக் கோயில் பக்கமே யானை வருவதுண்டு. வந்தால் வனத்துறையினர் சொல்லும் இடத்தில் சத்தமில்லாமல் நில்லுங்கள். போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகாதீர்கள், பட்டாசோ விளக்கோ காட்டி விரட்டவும் பார்க்காதீர்கள்.

ஏழு மணிக்குள் சாப்பிட்டு எட்டு மணிக்குப் படுத்துவிடுங்கள். இட்லி, சாதம் போன்ற எளிய சாப்பாடு போதும். புரோட்டா, பிரியாணி வேண்டாம். காலை மூன்று மணிக்கு அது வயிற்றிலேயே நிற்கும்.

புதியவர்கள் செய்வதில் மிகப் பெரிய தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்குப் பூண்டியில் இறங்கி, அப்படியே ஏற ஆரம்பித்துவிடுகிறார்கள். தூக்கமில்லாத உடம்பில் இதயத்துடிப்பு சீக்கிரம் ஏறும், நிதானம் குறையும். ஏறும்போது சமாளித்துவிடுவார்கள். மறுநாள் காலை இறங்கும்போது படியைப் பார்த்துக்கொண்டே தூங்கி வழிவார்கள். விழுவதும் அப்போதுதான்.

6. நேரத்தைக் கடைசியில் இருந்து கணக்கிடுங்கள்

எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், எத்தனை மணிக்குப் புல்வெளியை விட்டு இறங்கியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். விடை: மதியம் 12 மணி. அதற்குப் பிறகு வெயிலும் இடிமழையும் புல்வெளியில் தப்பவிடாது.

அப்படியானால் உச்சியை விட்டு 10 மணிக்குள் கிளம்ப வேண்டும். உச்சிக்கு 9 மணிக்கு, ஆறாவது மலை முடிவில் உள்ள ஆண்டி சுனைக்கு 8 மணிக்கு, நான்காவது மலைக்கு விடியும் நேரத்தில். அடிவாரத்தில் காலை 3 மணிக்குக் கால் எடுத்து வைத்தால் இந்தக் கணக்கு சரியாக வரும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. முதல் மூன்று மலைகள் காட்டுக்குள் போகின்றன, பார்க்கக் காட்சி குறைவு. அதை இருட்டில் கடந்துவிடலாம். கண் நிறையப் பார்க்க வேண்டிய இடம் நான்காவது மலைக்கு மேல்தான். சரியாக அங்கே வெளிச்சம் வந்துவிடும். பலர் ராத்திரி 10 மணிக்கு ஏறி, உச்சியில் சூரியோதயம் பார்ப்பதற்காக விறைக்கும் குளிரில் இரண்டு மணி நேரம் காத்திருக்கிறார்கள். நான்காவது மலையில் நடந்துகொண்டே பார்க்கும் விடியல் எனக்கு அதைவிட மேல். இரவில் ஏற விடும் நேரம் பற்றி அந்த ஆண்டு கட்டுப்பாடு ஏதாவது இருந்தால் அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

திரும்பும் நேரத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 9 மணிக்குள் ஆண்டி சுனையைத் தொடவில்லை என்றால் திரும்பிவிட வேண்டும், யார் என்ன சொன்னாலும். இதைக் கீழே இருக்கும்போதே குழுவில் எல்லோரிடமும் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மேலே போன பிறகு, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற ஆசை பேச விடாது.

7. அடிவாரம்: பை சோதனையும் மூங்கில் தடியும்

வனத்துறையினர் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக், பீடி, சிகரெட், தீப்பெட்டி எல்லாம் எடுத்து வைக்கப்படும். பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி வைப்புத்தொகை வாங்கும் முறையும் இருக்கிறது. திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணம் கிடைக்கும். கோபப்படாதீர்கள். பங்குனியில் மேலே புல் காய்ந்து கிடக்கிறது. ஒரு பொறி போதும் ஒரு மலைச்சரிவு எரிய. யானையும் காட்டெருமையும் சாப்பிட வேண்டிய புல் அது.

அடுத்தது தடி. அடிவாரத்தில் மூங்கில் தடி விற்கிறார்கள், வாங்காமல் ஏறாதீர்கள். எடுக்கும் விதம் உண்டு. செங்குத்தாக நிறுத்தினால் உங்கள் நெஞ்சுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரம் இருக்க வேண்டும். இறக்கத்தில் கீழ்ப்படியில் ஊன்ற வேண்டியிருப்பதால் இடுப்பளவு தடி பயன்படாது. அடிமுனை கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டியதாக இருக்கட்டும். கணுவில் உள்ளே கெட்டி, பிளக்காது. இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்டிய தடியின் முனை குழாயாக இருக்கும். பாறையில் நாலு தடவை ஊன்றினால் பிளந்து, பிளந்த முனை வழுக்கும். எடுத்த தடியைத் தரையில் ஊன்றி உடம்பு எடை முழுவதையும் அதன்மேல் போட்டுப் பாருங்கள். வளைந்தால் வேறொன்று எடுங்கள்.

கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமும் அரை டம்ளர் தண்ணீரும் போதும்.

8. முதல் மலை: இங்கே அவசரப்பட்டால் நாளே போச்சு

அடிவாரக் கோயிலுக்குப் பின்னால் இருந்தே கல்படிகள் தொடங்கிவிடும். சமமான படிகள் அல்ல. ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். செங்குத்து. சுற்றிலும் காடு என்பதால் காற்று வராது, மூன்று மணிக் குளிரிலும் சட்டை நனைந்துவிடும். உடம்பு இன்னும் சூடேறாத நேரத்தில், ஏழு மலைகளில் மிகக் கடினமான இரண்டில் ஒன்றை முதலாவதாக ஏற வேண்டியிருக்கிறது.

அதனால் கேவலமாகத் தோன்றும் அளவுக்கு மெதுவாக ஏறுங்கள். அளவுகோல் எளிது: நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். உயரமான படியில் நேராகத் தாவாமல், பக்கத்தில் சின்னக் கல் இருந்தால் அதில் கால் வைத்து இரண்டாக ஏறுங்கள். பாதம் முழுவதும் படியில் பட வேண்டும். முன்பாதத்தில் மட்டும் ஊன்றி ஏறினால் கெண்டைக்கால் சீக்கிரம் செத்துவிடும்.

ஓய்வு: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு நிமிடம், தடியில் சாய்ந்து நின்றபடி. உட்கார வேண்டாம். பத்து நிமிடம் உட்கார்ந்தால் தசை குளிர்ந்துவிடும், எழுந்ததும் முதல் பத்துப் படி தண்டனையாக இருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு ஓய்விலும் இரண்டு மடக்கு குடியுங்கள்.

இளைஞர்கள் சிலர் படிகளில் ஓடுவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள். இரண்டாவது மலையில் அவர்களில் பாதிப்பேரை நீங்கள் தாண்டிப் போவீர்கள்.

முதல் மலையின் முடிவில் வெள்ளை விநாயகர் கோயில் வரும். இங்கே வர ஒன்றரை மணி நேரம் ஆனால் சரியான வேகம். இங்கேதான் உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் நின்றும் படபடப்பு அடங்கவில்லை, நெஞ்சில் அழுத்தம், இடது தோளிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் என்று எது இருந்தாலும் பயணம் முடிந்தது. அறிகுறி தெரிந்தவரை உட்காரவைத்து, மேலே கீழே போகிறவர்களிடம் சொல்லி வனத்துறைக்குத் தகவல் அனுப்புங்கள். அவரைத் தனியாக இறங்க விடாதீர்கள். இங்கிருந்து ஆளைக் கொண்டுபோவது சுலபம், ஐந்தாவது மலையில் இருந்து மிகவும் கடினம்.

9. இரண்டாவது, மூன்றாவது மலை

முதல் மலையின் செங்குத்து இங்கே இல்லை. சில இடங்களில் சமதளமாகக் கூட நடக்கலாம். சீசனில் தற்காலிகக் கடைகள் இருக்கும்: சுக்குக் காபி, எலுமிச்சை சோடா. ஏற ஏற விலையும் ஏறும், தலைச்சுமையாகக் கொண்டுவருகிறார்கள் என்பதால் பேரம் பேசாதீர்கள். நிதானமாகக் குடிக்க ஒரு சுக்குக் காபி நல்லது. சோடா வேண்டாம், வயிறு உப்பி மூச்சு முட்டும்.

பாம்பாட்டிச் சுனையில் பாட்டிலை நிரப்புங்கள். அதைத் தாண்டி வழுக்குப்பாறை. பாறையிலேயே படி செதுக்கியிருக்கிறார்கள், பல ஆண்டுகளாகக் கால் பட்டுத் தேய்ந்து மழமழவென்று இருக்கும். பனி ஈரம் இருந்தால் தடியை முதலில் ஊன்றி, பிடிப்பு வந்த பிறகு காலை எடுங்கள். மூன்றாவது மலையில் கைதட்டிச் சுனை. இரண்டாவது முறை நீர் நிரப்ப இதுதான் இடம்.

எதிரே இறங்கி வருகிறவர்களைப் பார்த்து, "சாமி, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று எல்லோரும் கேட்பார்கள். "பக்கத்துல வந்துட்டீங்க சாமி" என்றுதான் எல்லோரும் பதில் சொல்வார்கள். அன்பில் சொல்வது. அதை நம்பி வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். கடிகாரத்தையும் சுனைகளையும் மட்டும் கணக்கில் வையுங்கள்.

10. நான்காவது, ஐந்தாவது மலை: புல்வெளி

ஒட்டன் சமாதிப் பக்கம் வரும்போது மரங்கள் விலகி வானம் திறக்கும். காட்டை விட்டு வெளியே வருவதற்கு முன், கடைசி மரத்தடியில் நில்லுங்கள். நனைந்த பனியனைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, மேலே ஜாக்கெட், தலையில் குல்லா. காற்றில் போய் நின்றுகொண்டு மாற்றினால் அந்த இரண்டு நிமிடத்திலேயே குளிர் உள்ளே இறங்கிவிடும். வரிசை முக்கியம்: உடை மாற்றுவது முதலில், புகைப்படம் அப்புறம்.

கொண்டுவந்த சாதத்தைப் பாதி இங்கே சாப்பிடுங்கள். பசி இல்லாவிட்டாலும் சாப்பிடுங்கள். உச்சிக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஏழாவது மலையில் கால் வராது.

இப்போது பாருங்கள். கிழக்கே நொய்யல் படுகையும் கோவைச் சமவெளியும் மூட்டத்துக்குள் வெளிறிக் கிடக்கும், ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். மலை மடிப்புகளுக்குள் மட்டும் சோலைக்காடு, கரும்பச்சையாக. மேடெல்லாம் புல், பங்குனியில் பொன்னிறம். காற்றில் புல் படுத்து எழும்போது சரிவு முழுவதும் நிறம் மாறும். அவசரமில்லை, பதினைந்து நிமிடம் நில்லுங்கள். இந்த இடத்துக்காகத்தான் மூன்று மணிக்குக் கிளம்பினீர்கள்.

ஐந்தாவது மலையில் பீமன் களியுருண்டை எனும் பெரிய பாறைகளைத் தாண்டிப் பாதை ஏறி இறங்கும். நடை சுலபம். புல்லில் குறுக்குவழி தேடாதீர்கள். மண் அரித்துவிடும், புல்லுக்குள் கல்லும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது. சில இடங்களில் வெண்மண்ணைத் திருநீறாக எடுப்பார்கள். ஒரு சிட்டிகை போதும்.

11. ஆறாவது மலை: இறங்கும்போதே திரும்பி வருவதை நினையுங்கள்

ஆறாவது மலை பெரும்பாலும் இறக்கம். கால் தானாக ஓடும், ஓட விடாதீர்கள். திரும்பி வரும்போது இதே சரிவை ஏற வேண்டும் என்பதைப் புதியவர்கள் யாருமே கணக்கில் வைப்பதில்லை. உச்சியைப் பார்த்தாகிவிட்டது, இனி இறக்கம்தான் என்று நினைத்துக் கைவசம் இருந்த தண்ணீரையெல்லாம் தீர்த்துவிட்டு, இந்த ஏற்றத்தில் வெயிலோடு மாட்டிக்கொள்கிறார்கள். அரை லிட்டர் தண்ணீரும் ஒரு ஓஆர்எஸ்சும் இதற்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

கீழே ஆண்டி சுனை. குளித்துவிட்டு ஏழாவது மலை ஏறுவது பக்தர்கள் வழக்கம். தண்ணீர் பனிக்கட்டி போல் இருக்கும். வியர்த்த உடம்போடு அப்படியே மூழ்கினால் ரத்தக்குழாய்கள் சட்டென்று சுருங்கி, இதயத்துக்கு வேலை திடீரென்று கூடுகிறது. முதலில் பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சு அடங்கட்டும். அப்புறம் கை, கால், முகம், பிறகு தோள் என்று படிப்படியாக நனையுங்கள். உடனே துடைத்து உலர்ந்த துணி மாற்றுங்கள். மாற்றுத் துணி இல்லாதவர்களும் நாற்பதைத் தாண்டியவர்களும் கை கால் கழுவித் தலையில் நீர் தெளித்துக்கொண்டால் போதும். சுனையில் சோப்பு போடக் கூடாது, இது பலர் குடிக்கும் நீர்.

இங்கே கடிகாரத்தைப் பாருங்கள். 9 மணி தாண்டியிருந்தால் திரும்புங்கள்.

12. ஏழாவது மலை

கடினமான இரண்டில் இது மற்றது. தூரம் குறைவு, சரிவு அதிகம், படிகள் கிடையாது. மண்ணும் பாறையும் புல்லுமாக நெட்டுக்குத்தாகப் போகும். பையில் தேவையில்லாததைக் குழுவில் மேலே வராத ஒருவரிடம் விட்டுவிட்டு, தண்ணீரும் ஜாக்கெட்டும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேராக ஏறாமல் குறுக்கும் நெடுக்குமாக, கோணல் கோணலாக ஏறுங்கள். நேராக ஏறினால் குதிகால் தரையில் படாது. ஐம்பது அடி எடுத்து வைத்து, பத்து மூச்சு நில்லுங்கள், மறுபடி ஐம்பது. மேலே இருப்பவர் கால் பட்டுச் சிறுகல் உருளும், அதனால் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் வராமல் இடைவெளி விடுங்கள். உங்கள் காலில் கல் உருண்டால் "கல் கல்" என்று கத்துங்கள்.

உச்சியில் பெரும்பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து உண்டான குகைக்குள் சுயம்பு லிங்கம். வாசல் குறுகல், வரிசையில் நிற்க வேண்டும். தரிசனம் முடிந்ததும் அடுத்தவருக்கு வழி விடுங்கள். வெளியே வந்து மேற்குப் பக்கம் பாருங்கள். வானம் தெளிந்திருந்தால் அடர்ந்த காட்டுக்கு நடுவே சிறுவாணி நீர்த்தேக்கம் தெரியும். பாறை விளிம்பில் செல்ஃபி எடுக்க நிற்காதீர்கள். உச்சிக் காற்று ஒரே சீராக அடிப்பதில்லை, திடீரென்று தள்ளும்.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் இங்கே இருக்க வேண்டாம். மேற்கே மேகம் கறுத்துக் குவிவது தெரிந்தால் உடனே கிளம்புங்கள்.

13. இறக்கம்: ஒதுக்கி வைத்த பலம் இதற்குத்தான்

ஏழாவது மலையில் முகத்தை மலைப் பக்கம் பாதி திருப்பி, பக்கவாட்டில் இறங்குங்கள். முழங்காலை எப்போதும் சற்று மடக்கியே வைத்திருங்கள். விறைத்த காலில் இறங்கினால் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் நேராக மூட்டுக்குப் போகும். தடி முதலில், அப்புறம் ஒரு கால், அப்புறம் மற்றக் கால். மூன்றில் இரண்டு எப்போதும் தரையில் இருக்க வேண்டும்.

ஆறாவது மலைச் சரிவை ஏறி முடித்ததும் மீதிச் சாதத்தைச் சாப்பிட்டு, ஷூ வாரை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டுங்கள். குதிகாலைப் பின்னால் அழுத்தி வைத்துக்கொண்டு கணுக்கால் பக்கம் இறுக்கினால் பாதம் முன்னால் வழுக்காது, நகம் தப்பிக்கும்.

மூன்றாவது, இரண்டாவது மலைகளில் நிழல் உண்டு. அங்கே பத்து நிமிடம் தாராளமாக உட்காரலாம், ஏற்றத்தில் வேண்டாம் என்று சொன்னது இங்கே பொருந்தாது. தொடை நடுங்க ஆரம்பித்தால் அது ஓய்வு கேட்கிறது. நடுக்கத்தோடு வழுக்குப்பாறையில் கால் வைக்காதீர்கள்.

மறுபடியும் முதல் மலை. கோயில் மணி கேட்கும், ஒலிபெருக்கி கேட்கும், வந்துவிட்டோம் என்று மனசு சொல்லும். இந்தக் கடைசிப் படிகளில்தான் கணுக்கால் பிசகுவதும் முழங்கால் திரும்புவதும் அதிகம். முழங்கால் உயரப் படிகளில் குதிக்காதீர்கள். தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குங்கள். மிக உயரமான படியில் உட்கார்ந்து இறங்கினாலும் தப்பில்லை. ஓரமாகப் போகும் குறுக்குத் தடத்தில் சருகு வழுக்கும், படியிலேயே வாருங்கள். ஏறி வருகிறவர்களுக்கு மலைப் பக்கத்தை விட்டுக்கொடுத்து நின்று வழிவிடுங்கள். மதியம் 3 மணிக்குள் அடிவாரம்.

14. அடிவாரம் வந்த பிறகு

உடனே உட்காராமல் ஐந்து நிமிடம் சமதளத்தில் மெதுவாக நடங்கள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலையும் முன்தொடையையும் இழுத்து விடுங்கள். உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர், அரை மணி கழித்துச் சாப்பாடு. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டோமா என்று பையைப் பாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டிலைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

பைக்கில் வந்தவர்கள் அன்றே நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம். காலை இரண்டு மணிக்கு எழுந்த உடம்பு, வயிறு நிறைந்ததும் வண்டியிலேயே கண்ணைச் சொருகும். இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் பகல் வெளிச்சத்தில் கோவை வரை வாருங்கள். வெளியூர்க்காரர்கள் அங்கே தங்கிவிட்டு மறுநாள் கிளம்பலாம்.

மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் தொடை வலி உச்சத்தில் இருக்கும். வீட்டுப் படியில் பின்னோக்கி இறங்கத் தோன்றும். வெந்நீர் ஒத்தடம், மெதுவான நடை, நல்ல தூக்கம் போதும், நான்கைந்து நாளில் சரியாகிவிடும். மூட்டு வீங்கியிருந்தாலோ, ஒரு வாரத்துக்குப் பிறகும் ஒரே இடத்தில் குத்தினாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும்போது அப்படித்தான் தெரியும்.